இரண்டு தலையணை – அத்தியாயம் 11: தாடைக்கட்டு

நீலாம்பாளின் பெட்டி பத்து நாளாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தபடியே கிடந்தது. அடியில் புடவைகள், அதன்மேல் பிரசவ லேகியத்துக்கான பொட்டலங்கள், எல்லாவற்றுக்கும் மேலே பிறக்கப்போகும் பிள்ளையைச் சுற்றுவதற்கு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நான்கு பழைய வேட்டித் துண்டுகள். சிங்கப்பூரில் மகள் குந்தவைக்கு முதல் பிரசவம். பெண்ணை அழைத்துவந்து வைத்துக்கொள்ளலாம் என்றால், இந்த மாதத்தில் விமானம் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். எனவே தாய்வீடுதான் புறப்பட்டுப் பெண்ணிடம் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை திருச்சியிலிருந்து விமானம்.

டிக்கெட் வந்துவிட்டது. விசா வந்துவிட்டது. பெட்டியை மூட மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

போன மாதம் தியாகேசன் டிராக்டரோடு வாய்க்காலில் இறங்கியதையும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பட்டப்பகலில் தூங்கிப்போனதை அவரே ஒப்புக்கொண்டதையும், மருமகள் வானதி அவரை விடாப்பிடியாகத் தஞ்சாவூருக்கு இழுத்துப்போய் ஒரு ராத்திரி முழுக்கத் தலையிலும் மார்பிலும் வயர் ஒட்டிப் படுக்கவைத்ததையும் தொடர்ந்து படிக்கிறவர்கள் அறிவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி போதும். தியாகேசனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. மணிக்கு நாற்பத்தோரு தடவை என்றது அறிக்கை. அதற்காக, மூக்கில் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் ஒரு மெஷினோடு அவர் ஒன்பது ராத்திரியாகப் படுக்கிறார்.

அறிக்கை வருவதற்கு வெகுகாலம் முன்பே நீலாம்பாளுக்கு விஷயம் தெரியும். எண்ணிக்கைதான் தெரியாது. அவர் குறட்டையைத் தெருவே கேலி பேசியபோதும் அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறட்டை கேட்டால் அவள் தூங்குவாள். நின்றால் விழித்துக்கொள்வாள். மனசுக்குள் பத்து வரை எண்ணுவாள். மூச்சு வராவிட்டால் விலாவில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளுவாள். அவர் ஒரு முறை திணறி, புரண்டு, மறுபடி குறட்டையைத் தொடங்குவார். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் அந்தக் கட்டிலின் நடைமுறை. காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் கை வெள்ளிக்கிழமை சிங்கப்பூருக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு வானதி இரவு டியூட்டி முடிந்து வந்தாள். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தூங்குகிறவர்களைச் சோதிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. மகன் அரவிந்தன் மஸ்கட்டில் இருக்கிறான். வீட்டில் இருக்கும் மூன்று பேரில் ஒருத்தி ராத்திரியெல்லாம் ஊரார் தூக்கத்தைப் பார்க்கிறாள், இன்னொருத்தி புருஷன் தூக்கத்தைப் பார்க்கிறாள். தூங்குகிறவருக்கோ தூக்கம் போதவில்லை.

“மாமா, வந்துருச்சு” என்று கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பிரித்தாள் வானதி.

உள்ளே ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. மோவாயை ஏந்திக்கொள்ள ஒரு குழிவு. அங்கிருந்து இரண்டு பக்கமும் காதோரமாக மேலேறி உச்சந்தலையில் சேரும்.

தியாகேசன் இட்லியில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

“என்னம்மா இது?”

“தாடைக்குப் போடுறது மாமா. நீங்க மூக்குல மாட்டிக்கிற மெஷின் ஒழுங்காத்தான் காத்து அனுப்புது. நீங்க வாயத் தொறந்துடுறீங்க. அனுப்புன காத்து பூரா வாய் வழியா வெளியில போயிருது. ஒம்பது நாள் கணக்கையும் பாத்துட்டேன். பாதி ராத்திரி வீணாத்தான் ஓடியிருக்கு. வாய் மூடி இருந்தா எல்லாம் சரியாயிரும்னு டாக்டர் எழுதிக் குடுத்துருக்காரு.”

“வாய்க்கட்டு.”

“பட்டை மாமா.”

“எனக்கே சொல்றியா?”

அவருக்கு யாரும் சொல்லித்தர முடியாதுதான். அந்த ஊரில் எந்த வீட்டில் உயிர் போனாலும் முதலில் ஆள் வருவது தியாகேசனைத் தேடித்தான். இறந்தவரின் வாய் திறந்து விறைத்துப்போவதற்குள் தாடையைத் தூக்கி, வெள்ளைத் துணியை மோவாய்க்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. செய்கிறவருக்குக் கை நடுங்கக் கூடாது. தியாகேசனின் அப்பா இறந்தபோது யாரும் கிட்டே வராமல் நிற்க, பத்தொன்பது வயதில் அவரே கட்டினார். அன்றிலிருந்து அந்த வேலை அவரோடு ஒட்டிக்கொண்டது. எத்தனை பேருக்குக் கட்டியிருப்பார் என்று அவரும் எண்ணவில்லை.

“இது உசுரோட இருக்கவங்க போடுறது மாமா.”

“ஊருக்கே கட்டிவுட்டு, கடைசில எனக்கே கட்டிக்கணுமா? செவ்வாக்கிழமையும் அதுவுமா இத நடு வீட்டுல பிரிச்சு வச்சிருக்க. உள்ள கொண்டுபோய் வையி.”

“ஏங்க, புள்ள ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்துருக்கு” என்றாள் நீலாம்பாள்.

“நீ ஒரு தடவ பாரு இத. பாத்துட்டு, போட்டுக்கங்கன்னு உன் வாயால சொல்லு, போட்டுக்கறேன்.”

நீலாம்பாள் பார்த்தாள். சொல்ல வாய் வரவில்லை. அவர் கையைக் கழுவிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். சம்பா அறுவடைக்குத் தேதி குறித்தாயிற்று. டிராக்டரைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கும் மனிதராக ஆகிப்போனதில் அவருக்கு எல்லார்மேலும் கோபம்.

வானதி பட்டையை மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

“அத்தை, கணக்க நானே சொல்லிடுறேன். இன்னிக்கி ராத்திரி, நாளைக்கி, நாளான்னிக்கி. மூணு ராத்திரி இத ஒழுங்கா போட்டா மெஷின்ல இருக்க கணக்கப் பாத்து, நீங்க தைரியமாப் போவலாமா வேணாமான்னு டாக்டர் சொல்லிருவாரு. இன்னிக்கி தொடங்கலன்னா வெள்ளிக்கெழம இல்ல.”

“போடாட்டி?”

“நான் வாரத்துல நாலு ராத்திரி டியூட்டிக்குப் போயிருவேன். அவர் தனியா இருப்பாரு.”

நீலாம்பாள் தட்டை எடுத்தாள்.

“இன்னொண்ணு இருக்கு அத்தை. கோவிச்சுக்கக் கூடாது. அந்த ரெண்டு தலகாணியும் வேணாம்.”

இதைத்தான் வானதி பத்து நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அந்தத் தலையணைகள் கடையில் வாங்கியவை அல்ல. கொல்லை இலவமரத்தில் வருஷாவருஷம் காய் வெடிக்கும்போது, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பஞ்சைக் கொட்டை நீக்கி, நீலாம்பாள் தன் கையால் அடைத்தவை. தலை உயர்ந்திருந்தால் மூச்சு லேசாக வரும் என்று யாரோ சொன்னார்கள். குறட்டை அதிகமான வருஷம் பஞ்சும் அதிகமாகும். இப்போது அவை இரண்டும் தவிட்டு மூட்டை மாதிரி கெட்டியாக இருந்தன.

“தல ஒசந்து இருந்தாத்தானம்மா நல்லது?”

“நெஞ்சோட சேந்து ஒசந்தா நல்லதுதான் அத்தை. இது தலைய மட்டும் தூக்குது. கழுத்து மடங்கி மோவாக்கட்டை நெஞ்சுல போய் இடிக்குது. பம்புசெட்டு ஹோஸ் மடங்குனா தண்ணி போவுமா? அதே கததான். வாய் தொறந்து தாடை தொங்குனா நாக்கும் கூடவே பின்னால சரிஞ்சு மிச்சம் இருக்க எடத்தையும் அடைச்சிருது. டெஸ்ட்டு அன்னிக்கி ஒருக்களிச்சுப் படுத்த நேரத்துல மட்டும் மூச்சு நின்னது பாதியா கொறஞ்சிருக்கு. ஒரே ஒரு மெல்லிசு தலகாணி, ஒருக்களிச்ச படுக்கை, மூடுன வாய். அவ்வளவுதான் கேக்குறாங்க.”

“அப்ப நான் இத்தன வருஷமா…”

“உங்களுக்குத் தெரியாதுல்ல அத்தை.”

தெரியாதுதான். ஆனால் அது ஆறுதலாக இல்லை. ஒரு கையால் தலையணையை உயர்த்திக்கொண்டே போய், இன்னொரு கையால் ராத்திரியெல்லாம் அவரை எழுப்பியிருக்கிறாள். நீலாம்பாளுக்கு மருமகள்மேல் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் எதுவும் இல்லை என்பதால் அது சீக்கிரம் போகவும் மறுத்தது.

“போய்ப் படும்மா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு” என்று மட்டும் சொன்னாள்.

பதினொன்றரை மணிக்கு அடுத்த தெரு விஜயலட்சுமியின் வீட்டிலிருந்து போன் வந்தது. தங்கையன் போய்விட்டார்.

தங்கையன் தியாகேசனுக்குப் பங்காளி முறை. வயதிலும் வயிற்றிலும் குறட்டையிலும் அவருக்குச் சமம். மூக்கில் மெஷின் மாட்டிக்கொள்ளும் செய்தி தெரிந்த மறுநாளே வந்து, “தும்பிக்கை வச்சுக்கிட்டுத் தூங்குறியாமே” என்று கேட்டுச் சிரித்தவர். போன வாரம்கூட டீக்கடையில், “மெஷின் விடுற மூச்சு ஒரு மூச்சாடா?” என்று தியாகேசனைக் கிண்டினார். காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு, வாசல் அறையில் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்தவர். வழக்கம்போலத் தூங்குகிறார் என்று மனைவி விஜயலட்சுமி அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். சத்தமே இல்லையே என்று பதினோரு மணிக்குத்தான் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

நீலாம்பாள் போனபோது தியாகேசன் வயலிலிருந்து நேராக அங்கே வந்திருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பெஞ்சு போட்டாகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து நாற்காலியிலிருந்து தூக்கிக் கிடத்தினார்கள். பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.

உடம்பு படுத்தது. தலை படுக்கவில்லை.

நாற்காலியில் மோவாய் நெஞ்சில் குத்தியபடி குனிந்த தலை, கழுத்து இறுகி அப்படியே நின்றுவிட்டிருந்தது. பெஞ்சுக்கும் பின்மண்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தியாகேசன் நெற்றியில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார். அவருக்கு அதற்கு மேல் அழுத்த மனம் இல்லை என்பது நீலாம்பாளுக்குத் தெரிந்தது.

“தலைக்கு ஏதாச்சும் கொண்டாங்க” என்றார்.

ஒரு தலையணை வந்தது. போதவில்லை. தலை அந்தரத்தில் நின்றது.

“இன்னொண்ணு.”

இரண்டாவது தலையணையை வைத்ததும்தான் தலைக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. இரண்டு தலையணை, அதன்மேல் குனிந்த தலை, நெஞ்சில் பதிந்த மோவாய். தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் நீலாம்பாள் தன் கட்டிலில் பார்க்கிற படுக்கை அது. பக்கத்தில் இருந்த பெண்கள் அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

வெள்ளைத் துணி வந்தது. தியாகேசன் மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்து, துணிக்கு வழி தேடினார். நேரம் பிடித்தது. அவர் கட்டுவதை அவள் எத்தனையோ எழவு வீட்டில் பார்த்திருக்கிறாள். ஒரு நிமிஷ வேலை. இன்று அந்தக் கை இரண்டு தடவை முடிச்சை நழுவவிட்டது. மூன்றாவது தடவை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் பெண்கள் பக்கம் வந்து அவளைத் தேடியது. பார்த்தார். அவளும் பார்த்தாள். அவ்வளவு கூட்டத்தில் வேறு யாருக்கும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

வெளியூர்ச் சொந்தம் வந்து சேர வேண்டும் என்பதால் எடுப்பது மறுநாள்தான். வீட்டுக்கு வந்து கொல்லையில் இரண்டு பேரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். சோறு இறங்கவில்லை என்று பாதியில் எழுந்தார் தியாகேசன். வானதி சத்தம் கேட்டு எழுந்து வந்தாள்.

“தங்கையனுக்கும் இதானாம்மா?” என்று கேட்டார்.

“பாக்காம சொல்லக் கூடாது மாமா. நெஞ்சுவலியா இருக்கலாம். வேற எதாச்சும் இருக்கலாம்.”

“குறட்ட விடுவான்.”

“தெரியும். ஆனா அத வச்சு நான் சொல்ல முடியாது.”

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் செய்திருப்பார்கள். வானதி செய்யவில்லை. நீலாம்பாளுக்குக் காலையில் வந்த கோபம் அப்போது போயிற்று.

தியாகேசன் கட்டிலில் போய் உட்கார்ந்தார். இரண்டு தலையணையையும் சிறிது நேரம் பார்த்தார். பிறகு மேலே இருந்ததை எடுத்துக் கீழே போட்டார். அடுத்ததையும் எடுத்துப் போட்டார்.

“மெல்லிசா ஒண்ணு குடு நீலா.”

பெட்டியிலிருந்த வேட்டித் துண்டுகளில் இரண்டை எடுத்து மடித்துக் கொடுத்தாள். வேறு எதுவும் சட்டென்று அவளுக்குத் தோன்றவில்லை.

“அதையும் கொண்டா.”

எதை என்று யாரும் கேட்கவில்லை. வானதி கவரை எடுத்து வந்து நீட்டினாள்.

“நீ கட்டு” என்றார் மனைவியிடம்.

நீலாம்பாள் பட்டையை வாங்கினாள். கை மோவாய் வரைக்கும் போயிற்று. அங்கே நின்றுவிட்டது. வெள்ளைத் துணியும் தங்கையனின் முகமும் குறுக்கே வந்தன.

“என்னால ஆவாதுங்க. வேற என்ன வேணா சொல்லுங்க செய்யறேன். இதுக்கு எனக்குக் கை வரல.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டையை அவளிடமிருந்து வாங்கி, மோவாயைக் குழிவில் வைத்து, இரண்டு பக்கமும் மேலே ஏற்றி உச்சியில் அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. பழக்கதோஷத்தில் விரல்கள் உச்சந்தலையில் எதையோ தேடின.

“முடிச்சு எங்கம்மா?” பல்லைக் கடித்தபடி வந்தது குரல்.

“முடிச்சு கெடையாது மாமா. ஒரு இழுப்பு இழுத்தா வந்துரும். மூச்சு முட்டுற மாதிரி இருந்தா, மூக்கு அடைச்சிருந்தா, ஒடனே கழட்டிரணும். அத மட்டும் மறக்கக் கூடாது.”

இழுத்தார். சர்ரென்று கழன்று கையில் வந்தது. திரும்பப் போட்டார். திரும்பக் கழற்றினார். மூன்றாம் முறையும் அப்படியே செய்து பார்த்தார். வானதி பொறுமையாக நின்றாள்.

“நான் கட்டுன எதையும் அவுத்ததில்ல” என்றார். “இது அவுருது.”

பிறகு மறுபடி போட்டுக்கொண்டு, வானதி மூக்கில் மெஷினைப் பொருத்த, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். முதுகுப் பக்கம் மல்லாக்கப் புரளாமல் இருக்க, கீழே கிடந்த இலவம்பஞ்சுத் தலையணைகளை எடுத்து நீளவாக்கில் அண்டைகொடுத்தாள் வானதி.

“இதுக்கு நல்லா கெட்டியா இருக்கு அத்தை” என்றாள்.

நீலாம்பாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கை தானாக அவர் விலாப் பக்கம் போய்த் தயாராக நின்றது. மெஷின் லேசாக இரைந்தது. தூங்கிவிட்டார் என்பது தோள் தளர்ந்ததில் தெரிந்தது. குறட்டை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. குறட்டை நின்றுவிட்டது என்று பயந்து எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. விலா எழுந்தது. மறுபடி எண்ணினாள். மூன்றுக்கே எழுந்தது. நாலைத் தாண்ட அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அப்படியே முக்கால் மணி நேரம் போயிற்று. கை வைத்த இடத்திலேயே சும்மா இருந்தது. நிம்மதியாக இருந்தது அவளுக்கு. கூடவே ஒரு வெறுமையும் வந்தது. இருபத்தெட்டு வருஷம் பார்த்த வேலை இன்று மத்தியானம் இரண்டே முக்காலுக்கு அவள் கையைவிட்டுப் போயிருந்தது. யாரும் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குள் ரொம்ப நம்ப வேண்டாம் என்றும் தோன்றியது. ஒரு பகல் தூக்கம்தான். ராத்திரிகள் மூன்று பாக்கி இருக்கின்றன.

எழுந்து பெட்டியை மூடப் போனாள். அப்போதுதான் தலைமாட்டில் கிடந்த அவள் செல்போன் அடித்தது. சிங்கப்பூர் மாப்பிள்ளை.

இத்தனை காலம் அவரை எழுப்பியே பழகியவள், அவர் எழுந்துவிடக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயந்தாள். போனைப் புடவைத் தலைப்பில் அமுக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

“அத்தை, பதறாதீங்க” என்றார் மாப்பிள்ளை. பதற வேண்டிய செய்தியை வேறு எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. “குந்தவைய அட்மிட் பண்ணிட்டாங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்காதுங்குறாங்க. நாளைக்கிக் காலைல பிளைட்டுல ஒரு சீட்டு இருக்கு. மாத்திரட்டுமா? அஞ்சு நிமிஷத்துல சொல்லணும்.”

நீலாம்பாள் இலவமரத்தில் சாய்ந்து நின்றாள். ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. கறுப்புப் பட்டை கட்டிய தலை சுவரைப் பார்த்துக் கிடந்தது. அவள் எண்ணத் தொடங்கினாள். அவ்வளவு தூரத்திலிருந்து விலா எழுவது தெரியவில்லை.

“அத்தை, லைன்ல இருக்கீங்களா?”